எஸ்யூவி லீஸ்: ஷோரூம் சொல்லும் மாதக் கணக்கை நம்பலாமா? (சென்னை)

ஓஎம்ஆர்வாசி | 2025 அக்டோபர் 24, இரவு 10:12

ஆபீஸில் கார் லீஸ் பாலிசி திறந்திருக்கிறார்கள், 48 மாதம். லீசிங் கம்பெனி வண்டியை வாங்கி ஆபீஸ் வழியாக நமக்குத் தரும், வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். பார்த்து வைத்திருப்பது 1.5 பெட்ரோல் எஸ்யூவி, எக்ஸ்-ஷோரூம் 16 லட்சம். "லீஸ்னா டாக்ஸ் எல்லாம் மிச்சம் சார், கண்ணை மூடிட்டுப் போடுங்க" என்கிறார் ஷோரூமில். லோனைவிட லீஸ்தான் எப்போதும் லாபம் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் கணக்கோடு வரவும்.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 24, இரவு 11:40

கணக்கோடே வருகிறேன். ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள்: அந்த சேல்ஸ்காரர் வண்டியை உங்களுக்கு விற்கவில்லை, லீசிங் கம்பெனிக்கு விற்கிறார். மாத வாடகையைப் போடுவது லீசிங் கம்பெனி. ஷோரூம் வாயில் வரும் மாதத் தொகை காற்றில் எழுதிய எண்.

16 லட்சத்தில் 40% ஜிஎஸ்டி அடக்கம். அதை உரித்தால் அடிப்படை விலை 11,42,857. லீசிங் கம்பெனி வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியை ஐடிசியாக (கட்டிய வரியைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்துக்கொள்ளும், அதனால் உள்ளே போவது அடிப்படை விலை மட்டும். அதோடு சாலை வரி 15% = 2,40,000. இன்சூரன்ஸ் ஒரு 60,000 என்று வையுங்கள். ஆக 14,42,857 ரூபாய். 48 மாதம், 11% வட்டி, கடைசியில் ரெசிடுவல் (வண்டியை நீங்களே எடுக்கக் கட்டும் தொகை) 5 லட்சம் என்றால் வாடகை 28,952. அதன் மேல் மாதாமாதம் ஜிஎஸ்டி 40%, அதாவது 11,581. சம்பளத்தில் பிடிப்பது 40,533.

காரை லீஸுக்கு விட்டால், அந்தக் காரை விற்றால் என்ன வீதமோ அதே வீதம்தான் வாடகைக்கும். உங்கள் ஆபீஸ் இதற்கு ஐடிசி எடுக்க முடியாது. 13 சீட்டுக்கு உட்பட்ட வண்டிக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. எனவே 40% முழுக்க உங்கள் தலையில்.

வரி மிச்சம் எங்கே வருகிறது என்றால், பிடிக்கும் 40,533 வரி போடும் முன்பே சம்பளத்திலிருந்து போய்விடுகிறது. பதிலுக்கு 2025-26 விதிப்படி மாதம் 1,800 ரூபாயை பெர்க்விசிட் (கம்பெனி தரும் வசதியின் மதிப்பு) என்று சம்பளத்தில் சேர்த்து வரி போடுவார்கள் (இன்ஜின் 1.6 லிட்டர் வரை, அதற்கு மேல் 2,400, கம்பெனி டிரைவரும் கொடுத்தால் கூட 900). 30% ஸ்லாபில் செஸ்ஸோடு 31.2%. (40,533 − 1,800) × 31.2% = மாதம் 12,085. நான்கு வருடத்தில் 5.80 லட்சம்.

லோன் பக்கம்: ஆன்-ரோடு 19 லட்சம் முழுவதும் 9%, 48 மாதம் என்றால் இஎம்ஐ 47,282. மொத்தம் 22.70 லட்சம். லீஸ் பக்கம்: வாடகை 19.46 + ரெசிடுவல் 5 − வரி மிச்சம் 5.80 = 18.66 லட்சம். நான்கு லட்சம் லாபம். உங்கள் கட்சி ஜெயித்தது போலத்தான் இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட் | அக்டோபர் 25, காலை 7:05

கணக்கு சார், தூங்கி எழுந்து இன்னொரு தடவை பாருங்க. ரெசிடுவலுக்கு ஜிஎஸ்டி யார் தாத்தா கட்டுவார்?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 25, காலை 8:20

சரி, வாங்கிக்கொண்டேன். நேற்று விட்டுவிட்டேன்.

பழைய வண்டியை விற்கும்போது லாபத்துக்கு மட்டும் 18% என்ற சலுகை, வாங்கும்போது ஐடிசி எடுக்காதவர்களுக்குத்தான். லீசிங் கம்பெனி எடுத்திருந்தால் விற்கும் முழுத் தொகைக்கும் அந்த வண்டியின் வீதம். 5 லட்சம் ரெசிடுவல் 7 லட்சம் ஆகிறது. லீஸ் மொத்தம் 20.66 லட்சம், லோன் 22.70. நான்கு லட்சம் லாபம் இரண்டு லட்சமாகச் சுருங்கிவிட்டது.

கொட்டேஷனில் ரெசிடுவல் தொகைக்குப் பக்கத்தில் "வரி தனி" என்று பொடி எழுத்தில் இருக்கும். இல்லாவிட்டால் மெயிலில் கேட்டு எழுதி வாங்குங்கள். போனில் சொன்னதை நான்கு வருடம் கழித்து யாரிடம் போய்க் கேட்பது?

ஓஎம்ஆர்வாசி | அக்டோபர் 25, காலை 9:02

அப்போதும் இரண்டு லட்சம் லாபம்தானே. அதோடு புது வரி முறையில் எச்ஆர்ஏவும் இல்லை, 80சியும் இல்லை. மிச்சம் இருக்கும் சிலவற்றில் இது ஒன்று.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 25, பகல் 1:15

லாபம்தான், 30% ஸ்லாபில் இருந்தால். புது முறையில் 30% என்பது 24 லட்சத்துக்கு மேல் வரும் வருமானத்துக்கு. 12 முதல் 16 லட்சம் வரை 15%தான். அங்கே இருப்பவருக்கு வரி மிச்சம் பாதிக்குப் பாதியாகிவிடும், 2.90 லட்சம். லீஸ் மொத்தம் 23.56 லட்சம். லோனே மேல். டீ சாப்பிடும்போது பக்கத்து டெஸ்க்காரர் சொல்லும் லாபம் அவர் ஸ்லாபுக்கு உரியது, உங்களுக்கு அல்ல.

அடுத்து, வேலை மாறுவீர்களா? 18-ஆம் மாதம் பேப்பர் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேலே சொன்ன லீஸில் அன்றைக்கு நிற்கும் அசல் 11.37 லட்சம். அதன் மேல் 40% சேர்த்து 15.91 லட்சம், அதற்கும் மேல் ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் போர்குளோஷர் (முன்கூட்டியே முடிக்கும்) கட்டணம். லோனில் அதே நாளில் பாக்கி 12.66 லட்சம். ஆக இந்த இழைக்கு வேண்டிய கேள்வி "லீஸா லோனா" அல்ல, "நான்கு வருடம் இதே கம்பெனியில் இருப்பேனா" என்பது. புது கம்பெனியிலும் அதே லீசிங் கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். அது இருக்கிறதா என்று ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே கேட்க வேண்டும், சேர்ந்த பிறகு அல்ல.

கிரீஸ் கை | அக்டோபர் 26, மாலை 6:48

இவ்ளோ கணக்கு போட்டீங்க, வண்டி நீளத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. செப்டம்பர் 22-க்குப் பிறகு பெட்ரோல், டீசலுக்கு ஜிஎஸ்டி இரண்டே வீதம். 4 மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1,200 சிசிக்குள்ள, டீசல்னா 1,500 சிசிக்குள்ள இருந்தா 18%. இதுல எது தாண்டினாலும் 40%. எலக்ட்ரிக் 5%. ஜிஎஸ்டி மேல இருந்த பழைய செஸ் போச்சு. நீளம், சிசி ரெண்டு கண்டிஷனும் சேர்ந்து இருக்கணும், அதான் முக்கியம். பிரெஸ்ஸா 3,995 மி.மீ.தான், ஆனா 1,462 சிசி பெட்ரோல், அதனால 40. அதே 3,995-ல நெக்ஸான் 1,199 சிசி, 18. எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 3,990 மி.மீ., பெட்ரோல் 1,197, டீசல் 1,497, ரெண்டும் 18. கிரெட்டா 4,330 மி.மீ., இன்ஜின் என்னவா இருந்தாலும் 40.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 26, இரவு 9:30

அண்ணே சொன்னதை லீஸில் போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். எக்ஸ்-ஷோரூம் 13 லட்சம் போடும் 4 மீட்டருக்கு உட்பட்ட எஸ்யூவி. 18% உரித்தால் அடிப்படை விலை 11,01,695. உங்கள் 16 லட்சம் வண்டியின் அடிப்படை 11,42,857. தொழிற்சாலை வாசலில் இரண்டுக்கும் வித்தியாசம் 41 ஆயிரம்! மூன்று லட்சத்தில் மிச்சமெல்லாம் அரசாங்கத்துக்கு.

சாலை வரி 1,95,000, இன்சூரன்ஸ் 50,000, அதே வட்டி, அதே 5 லட்சம் ரெசிடுவல்: வாடகை 26,467, ஜிஎஸ்டி 4,764, மொத்தம் 31,231. உங்களுடையது 40,533. மாதம் 9,300 ரூபாய்க்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று டெஸ்ட் டிரைவில் பின்சீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

எலக்ட்ரிக்: எக்ஸ்-ஷோரூம் 18 லட்சம் என்றால் அடிப்படை 17,14,286. 2025 கணக்கில் தமிழ்நாட்டில் இதற்குச் சாலை வரி கிடையாது. இன்சூரன்ஸ் 70,000, ரெசிடுவல் 5.5 லட்சம். வாடகை 36,942 + 5% = 38,789. இரண்டு லட்சம் விலை கூடிய வண்டிக்கு மாதத் தொகை குறைவு. ரெசிடுவலுக்கும் 5%தான். ஒரே சிக்கல், எலக்ட்ரிக்குக்கு ரெசிடுவலைத் தாழ்த்திப் போடுவார்கள். தாழ்ந்தால் வாடகை ஏறும், ஆனால் கடைசியில் வண்டியை நீங்களே எடுப்பதாக இருந்தால் அது நல்லதற்கே.

ஓஎம்ஆர்வாசி | அக்டோபர் 28, இரவு 10:30

கணக்கு சார், 1.2, 1.5, 1.6 மூன்றும் குழம்புகிறது.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 28, இரவு 10:41

1.2-ம் 1.5-ம் ஜிஎஸ்டிக்கு. 1.6 வருமான வரிக்கு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. 1.5 பெட்ரோல் கிரெட்டாவுக்கு ஜிஎஸ்டியில் பெரிய வண்டி வீதம், பெர்க்விசிட்டில் சின்ன வண்டி மதிப்பு 1,800. 2.0, 2.2 இன்ஜின் போட்ட எக்ஸ்யூவி700, ஸ்கார்ப்பியோ-என் எல்லாம் 2,400.

அம்பத்தூர் எஸ்டேட் | அக்டோபர் 29, காலை 7:50

டாப் மாடலுக்கு ஆசைப்படுறவங்க கவனிங்க. தமிழ்நாட்டுல சாலை வரி 2023 நவம்பர்ல ஏத்துனது: 5 லட்சம் வரை 12%, 10 வரை 13%, 20 வரை 15%, அதுக்கு மேல 20%. இது வருமான வரி ஸ்லாப் மாதிரி இல்ல. 20-ஐத் தாண்டினா முழு விலைக்கும் 20%. 19.90 லட்சம் வண்டிக்கு 2,98,500. 20.10-க்கு 4,02,000. பெரிய சன்ரூஃபுக்காக இருபதாயிரம் ஏறினா வரி மட்டும் 1,03,500 கூடுது.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 29, காலை 8:15

லீஸில் அது இன்னும் மோசம். அந்த 1,03,500 வாடகைக்குள் போய் உட்கார்ந்தால் வட்டியும் 40 சதவீதமும் சேர்ந்து மாதம் 3,745. 48 மாதத்தில் 1.80 லட்சம். வரிக்கு மேல் வரி.

இதிலிருந்து ஒரு வழி. சாலை வரியையும் இன்சூரன்ஸையும் வாடகைக்குள் போடாமல், செலவு என்ன ஆனதோ அதைத் தனியாக வாங்கிக்கொள்வீர்களா என்று லீசிங் கம்பெனியிடம் கேளுங்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள். உங்கள் 3 லட்சம் (2.40 + 0.60) உள்ளே போனால் அதன் மேல் ஜிஎஸ்டி மட்டும் மாதம் 3,101, நான்கு வருடத்தில் 1.49 லட்சம். ஷோரூமில் பத்தாயிரம் தள்ளுபடிக்கு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட இந்த ஒரு மெயில் மேல்.

ஓஎம்ஆர்வாசி | நவம்பர் 2, மாலை 5:20

ஷோரூம் கொட்டேஷன் வந்தது. ஹேண்ட்லிங் சார்ஜ், எசென்ஷியல் கிட், செராமிக் கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி, நம்பர் பிளேட் என்று வரிசையாக இருக்கிறது. தள்ளுபடியில் எக்ஸ்சேஞ்ச் போனஸும் காட்டியிருக்கிறார்கள். எதை அடிப்பது?

கணக்குப்பிள்ளை | நவம்பர் 2, இரவு 8:55

ஹேண்ட்லிங் சார்ஜ்: அடியுங்கள். ஷோரூம் வரை வண்டி வந்து சேரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி கிண்டிக்கு வர எத்தனை தடவை காசு கொடுப்பது? நம்பர் பிளேட்: 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாராகும் வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கம்பெனியே கொடுக்க வேண்டியது, தனிக் கட்டணம் எதற்கு என்று கேளுங்கள். செராமிக் வேண்டாம். எக்ஸ்டெண்டட் வாரண்டி 48 மாத லீஸுக்கு வேண்டுமா என்பது கம்பெனி வாரண்டி எத்தனை வருடம் என்பதைப் பொறுத்தது. மூன்று வருடம் என்றால் நான்காவது வருடத்துக்கு மட்டும் எடுங்கள். லீஸிலேயே மெயின்டெனன்ஸ் அடக்கம் என்றால் அதுவும் வேண்டாம்.

எக்ஸ்சேஞ்ச் போனஸ்தான் பொறி. பழைய வண்டி உங்கள் பெயரில், புது இன்வாய்ஸ் லீசிங் கம்பெனி பெயரில். பெயர் ஒத்துப்போகாவிட்டால் தயாரிப்பாளர் அந்த போனஸைத் தரமாட்டார். டீலர் இப்போது காட்டிவிட்டு இன்வாய்ஸ் நாளில் "சிஸ்டம் ஏத்துக்கல சார்" என்பார். லீஸுக்கு எந்தத் தள்ளுபடி நிற்கும், எது நிற்காது என்று புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். தள்ளுபடி இன்வாய்ஸில் குறைந்து வர வேண்டும். ஆக்சசரியாகத் தந்தால் உங்கள் வாடகை ஒரு ரூபாய் குறையாது.

இன்சூரன்ஸ் அங்கேதான் போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ டீலர்களுக்கு 2017-லேயே விதிமுறை போட்டுவிட்டது. மூன்று வருட தேர்ட் பார்ட்டி அரசு நிர்ணயித்தது: 1,000 முதல் 1,500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜிஎஸ்டி தனி. பேரம் பேச முடிந்தது ஓடி பிரீமியமும் (நம் வண்டிச் சேதத்துக்கானது) ஆட்-ஆனும் (கூடுதல் பாதுகாப்பு) மட்டும்.

ஓஎம்ஆர்வாசி | நவம்பர் 2, இரவு 9:10

பழைய வண்டியில் 50% என்சிபி (நோ கிளைம் போனஸ்) இருக்கிறது. அதை இதற்கு மாற்றலாமா?

கணக்குப்பிள்ளை | நவம்பர் 2, இரவு 9:14

முடியாது. என்சிபி ஆளுக்கு, வண்டிக்கு அல்ல. லீஸ் வண்டியின் பாலிசி வேறு பெயரில். பழையதை விற்றதும் என்சிபி ரிசர்விங் லெட்டர் வாங்கி வையுங்கள், மூன்று வருடம் செல்லும். உங்கள் லீஸ் நான்கு வருடம். சொல்லும்போதே வயிறு எரிகிறது.

கிரீஸ் கை | நவம்பர் 9, மாலை 7:30

பிடிஐ, அதான் டெலிவரிக்கு முன்னாடி வண்டியைச் சோதிக்கறது, அதைப் பத்தி யாரும் பேசல. ஷோரூம்ல ரிப்பன் கட்டின பிறகு பாக்கறது பிடிஐ இல்ல தம்பி. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி யார்டுல பாக்கணும். வாகன்ல (அரசோட வண்டிப் பதிவு தளம்) ஏத்திட்டா திருப்ப முடியாது. லீஸ்ல இன்னும் கஷ்டம், வண்டி உன் பேர்லயே இல்ல, குறை சொன்னாலும் லீசிங் கம்பெனி சொல்லணும்.

சேசிஸ் நம்பரை வாங்கிக்கோ. ஃபார்ம் 22-ல தயாரிப்பு மாசம் வருஷம் இருக்கும், அதைக் கேளு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம்: 3225-ன்னா 2025-ல 32-ஆவது வாரம். அஞ்சும் (ஸ்டெப்னி சேர்த்து) பக்கத்துப் பக்கத்து வாரமா இருக்கணும். ஒண்ணு மட்டும் தள்ளி இருந்தா ஏன் மாத்துனாங்கன்னு கேளு.

இது நம்ம ஊரு, அதனால தண்ணி பாக்கணும். யார்டெல்லாம் தாழ்வான இடத்துல. சீட் பெல்ட்டை முழுசா, கடைசி வரைக்கும் வெளிய இழு. மேல் பாகத்தைத் துடைச்சிருப்பாங்க, உள்ள சுருண்டு இருக்கிற கடைசி ஒரு அடியைத் துடைச்சிருக்க மாட்டாங்க. அதுல மண் கோடு தெரிஞ்சா வண்டி தண்ணியில நின்னிருக்கு. அப்புறம் முன்சீட்டைப் பின்னால தள்ளி தண்டவாளத்துல போல்ட் தலையைப் பாரு, புது வண்டியில துரு வர வேலை இல்ல. ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அடிக்குழியில கை வெச்சுத் தடவு. கார்ப்பெட் ஓரத்தை விரலால அமுக்கிட்டு மோந்து பாரு. கார்ல ஃபிரெஷ்னர் தூக்கலா அடிச்சிருந்தா சந்தேகப்படு.

டயர்ல காத்தும் பாரு. யார்டுல ரொம்ப நாள் நிக்கறதுக்காக அதிகமா அடிச்சிருப்பாங்க. அப்படியே ஓட்டினா பள்ளத்துல தூக்கிப் போடும், சஸ்பென்ஷன் மேல பழி போடுவ.

ஓஎம்ஆர்வாசி | நவம்பர் 9, இரவு 9:45

அண்ணே, எங்கள் அபார்ட்மெண்டில் அடுக்குப் பார்க்கிங். எனக்குக் கீழ்த்தட்டு.

கிரீஸ் கை | நவம்பர் 9, இரவு 9:58

டேப் எடுத்து அள. செடானுக்குன்னு போட்ட அடுக்குல 1,550 மி.மீ. உயரம்தான் விட்டிருப்பான். கிரெட்டா 1,635. எக்ஸ்யூவி700 1,755. ஸ்கார்ப்பியோ-என் 1,857. தட்டு எத்தனை கிலோ தாங்கும்னு பலகை இருக்கும், அதையும் பாரு. எலக்ட்ரிக்னா பேட்டரி எடை சேரும். கீழ்த்தட்டுன்னா மழைக்காலத்துல மேல எங்கயாவது நிறுத்த இடம் பாத்து வெச்சுக்கோ.

அம்பத்தூர் எஸ்டேட் | நவம்பர் 10, காலை 6:55

வேளச்சேரி மேம்பாலம் இருக்கே, 2024 அக்டோபர்ல ஊரே அங்கதான் நிறுத்துச்சு. லீஸ் ஒப்பந்தத்துல "நிறுத்துமிடம்: மேம்பாலம்"னு எழுதிடலாம்.

கணக்குப்பிள்ளை | நவம்பர் 16, மாலை 4:10

வரிசை மாறினால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது, அதனால் எழுதுகிறேன். முதலில் எச்ஆரிடம் தகுதித் தொகை. பிறகு லீசிங் கம்பெனி கொட்டேஷன். பிறகு டீலரிடம் புரோபார்மா (இன்வாய்ஸுக்கு முன் தரும் விலைப்பட்டியல்), அது உங்கள் பெயரில் அல்ல, லீசிங் கம்பெனி பெயரில், அவர்களுடைய தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண்ணோடு. அந்த எண் 33-இல் தொடங்கும். வேறு மாநில எண்ணைப் போட்டு இன்வாய்ஸ் அடித்துவிட்டால் பணம் நின்றுவிடும், வண்டி யார்டில் நிற்கும். புரோபார்மா போன பிறகு லீசிங் கம்பெனி பர்ச்சேஸ் ஆர்டர் கொடுக்கும். அதன் பிறகுதான் இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன்.

புக்கிங் தொகையை நீங்கள் கட்டியிருப்பீர்கள், டீலர் அவசரத்தில் இன்வாய்ஸை உங்கள் பெயரிலேயே அடிப்பார். புக்கிங் ரசீதிலேயே "லீஸ், இன்வாய்ஸ் வேறு பெயரில்" என்று எழுத வையுங்கள். 10 லட்சத்துக்கு மேல் வரும் 1% டிசிஎஸ் (விற்பவர் வசூலித்துக் கட்டும் வருமான வரி) கூட லீசிங் கம்பெனி கணக்கில் போகும். உங்களிடம் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

பர்ச்சேஸ் ஆர்டருக்குக் காலக்கெடு உண்டு. ஜனவரியில் விலை ஏறுவது வழக்கம். டிசம்பரில் ஆர்டர் வாங்கி ஜனவரியில் வண்டி வந்தால் மறுபடி முதலிலிருந்து ஒப்புதல். டிசம்பர் கடைசியில் தள்ளுபடி நன்றாக இருக்கும், ஆனால் அது இந்த வருடத் தயாரிப்பு. வண்டியைக் கடைசியில் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் தயாரிப்பு வருடம் லீசிங் கம்பெனியின் கவலை. நீங்களே எடுப்பதாக இருந்தால் உங்கள் கவலை.

ஆர்சி எந்தப் பெயரில் வரும் என்றும் கேளுங்கள். லீசிங் கம்பெனி பெயரில் வந்தால் உங்கள் டிஜிலாக்கரில் வராது. ஆர்சி நகலும், வண்டியை நீங்கள் ஓட்டலாம் என்ற அனுமதிக் கடிதமும் கையுறைப் பெட்டியில் இருக்கட்டும். உங்கள் பெயரில் வந்தால் ஃபார்ம் 34 வழியாக ஆர்சியில் லீஸ் குறிப்பு ஏறும், முடிந்ததும் ஃபார்ம் 35 கொடுத்து நீக்க வேண்டும். வேறு மாநிலத்தில் பதிந்த வண்டியைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் இங்கே மறுபதிவு. சப்ஸ்கிரிப்ஷன் என்ற பெயரில் கறுப்புப் பலகை மஞ்சள் எழுத்தில் வந்தால் அது வாடகை வண்டிப் பதிவு, நாம் பேசும் லீஸ் இல்லை.

கிரீஸ் கை | டிசம்பர் 3, காலை 10:20

மழை பேஞ்சுகிட்டே இருக்கு, இதைச் சொல்லிடறேன். தண்ணியில நின்ன வண்டியை செல்ஃப் அடிக்காத. ஏர் இன்டேக் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருந்தா பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். வெள்ளம் பண்ணாத சேதத்தை அந்த ஒரு செல்ஃப் பண்ணும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டு, பிளாட்பெட்ல ஏத்து, ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி இழுக்காத. சாதா பாலிசியில இந்த இன்ஜின் சேதத்துக்குக் காசு வராது. இன்ஜின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆன் தனியா வேணும்.

கணக்குப்பிள்ளை | டிசம்பர் 3, பகல் 12:05

லீஸ்காரர்களுக்கு இதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. பாலிசியை எடுப்பது லீசிங் கம்பெனி. எந்த ஆட்-ஆன் என்று யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள், கேட்காவிட்டால் மலிவானது வரும். இன்ஜின் புரொடெக்‌ஷன், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காதது), கன்ஸ்யூமபிள்ஸ் (ஆயில், நட்டு போன்றவை), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (முழுச் சேதத்தில் வாங்கிய விலையைத் தருவது) நான்கும் முதல் வருடத்துக்கு மட்டுமா, நான்கு வருடத்துக்குமா என்று எழுதி வாங்குங்கள்.

அக்டோபர் 25 குறிப்பில் 18-ஆம் மாத போர்குளோஷர் 15.91 லட்சம் என்று போட்டேனே, அதோடு சேர்த்துப் படியுங்கள். வண்டி முழுச் சேதம் என்று முடிந்தால் இன்சூரன்ஸ் தருவது ஐடிவி, அதாவது பாலிசியில் போட்ட வண்டி மதிப்பு. இரண்டாம் வருடத்தில் 20% தேய்மானம் போக சுமார் 12.8 லட்சம், அதுவும் லீசிங் கம்பெனி கைக்கு. மிச்சம் மூன்று லட்சம் யாருடையது? ஒப்பந்தத்தில் "டோட்டல் லாஸ்" என்று தேடுங்கள். அங்கே போர்குளோஷர் விதியையே காட்டியிருந்தால் அது உங்களுடையது. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் இருந்தால் இந்த இடைவெளி பெரும்பாலும் அடைபடும். இந்த ஆட்-ஆனை நான் முன்பு ஆடம்பரம் என்று நினைத்தவன். லீஸுக்கு அப்படி இல்லை.

ஓஎம்ஆர்வாசி | டிசம்பர் 7, இரவு 9:00

4 மீட்டருக்கு உட்பட்டதற்கே மாறிவிட்டேன். சாலை வரியைத் தனியாக வாங்க ஒத்துக்கொண்டார்கள், இன்சூரன்ஸ் வாடகைக்குள்தான் என்கிறார்கள். இரண்டு கேள்வி. கிலோமீட்டர் வரம்பு 60,000 போட்டிருக்கிறது. பாஸ்டேக் ஆண்டுப் பாஸ் லீஸ் வண்டிக்குக் கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை | டிசம்பர் 7, இரவு 9:35

60,000-ஐ 48-ஆல் வகுத்தால் மாதம் 1,250. சிறுசேரியிலிருந்து கிண்டி போய் வந்தால் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் ஆகும். 22 நாளில் 1,100. ஊருக்கு ஒரு தடவை போனால் தாண்டிவிடும். கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதை இப்போதே பாருங்கள். வண்டியைக் கடைசியில் நீங்களே வாங்கினால் அந்தக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் திருப்பிக் கொடுத்தால் மட்டும்தான்.

பாஸ் கிடைக்கும், வெள்ளைப் பலகைத் தனி வாகனம் என்பதால். 2025-26-இல் 3,000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 தடவை. ஆனால் புது வண்டியில் ஷோரூம் ஒட்டித் தரும் பாஸ்டேக் சேசிஸ் நம்பரில் இருக்கும். வண்டி நம்பர் ஏற்றாவிட்டால் பாஸ் ஏறாது. பரனூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளுக்குச் செல்லும். உங்கள் ஓஎம்ஆருக்கும் ஈசிஆருக்கும் செல்லாது, அது மாநிலச் சாலை.

அம்பத்தூர் எஸ்டேட் | டிசம்பர் 7, இரவு 9:41

பேரை ஓஎம்ஆர்வாசின்னு வெச்சதுக்கு அனுபவிங்க.

கிரீஸ் கை | டிசம்பர் 8, காலை 8:05

டெலிவரி அன்னிக்கு ரெண்டு சாவியும் வாங்கு. ஒண்ணு "அப்புறம் அனுப்பறோம்"பாங்க. ரெண்டாவது சாவி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், டோ ஹூக், எல்லாத்தையும் டெலிவரி நோட்ல எழுத வெச்சு, அதுக்கு அப்புறம் கையெழுத்துப் போடு. திருப்பிக் கொடுக்கறப்ப ஒரு சாவி இல்லன்னா புதுச் சாவி கோடிங் செலவு உன் தலையில.